செலுத்தாத மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் கருவி குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
நில மின்தடை அளவுக் கருவிகள் பிரிவு.

பொருள்: உறைநிலத்தில் தவறான அளவு தரும் கருவியை மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கனடாவின் யூக்கான் பகுதியில், கிளாண்டைக் ஆறு யூக்கான் ஆற்றோடு கூடுமிடத்திலுள்ள டாசன் நகரை அடுத்த பழைய ஆற்றுப் படித்தளங்களில், உறைமண் (ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்) எங்கெங்கே எவ்வளவு ஆழம்வரை இருக்கிறது என்று ஆய்வதற்காக, சென்ற ஏப்ரலில் தங்களிடம் 48 மின்முனைகள் கொண்ட கருவியை வாங்கினோம். உறைந்த சரளை நிலத்துக்கும் ஏற்றது என்று தங்கள் விவரக்குறிப்பில் இருந்த வரியை நம்பியே வாங்கினோம்.

ஆகஸ்ட் இறுதியில், மேல்மண் நன்கு இளகியிருந்த வேளையில், மின்முனைகளை 5 மீட்டர் இடைவெளியில் 235 மீட்டர் நீளத்துக்கு நட்டு அளந்தோம். மண்ணிலுள்ள நீர் உறையும்போது மின்சாரம் செல்லும் வழிகள் அடைபட்டு மின்தடை எண் (மண் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) பல மடங்கு ஏறும் என்பதே இந்த ஆய்வுமுறையின் அடிப்படை. தங்கள் கருவியோ படித்தளத்தின் நடுப்பகுதியில் 2,000 ஓம்-மீட்டர்தான் காட்டியது. அங்கே நிலம் உறையவில்லை என்று அறிக்கையில் எழுதவே இருந்தோம். ஐயம் தீரக் கைத்துளைப்பானை இறக்கிப் பார்த்தபோது, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் சரளை பனியோடு கல்லாக இறுகிக் கிடந்தது.

காரணத்தைத் தேடினோம். வறண்ட சரளையில் மின்முனைகள் சரிவர மண்ணைத் தொடாததால் இரு முனைகளுக்கிடையே தடை ஏறத்தாழ 1,00,000 ஓம் இருந்தது. கருவியின் உச்ச மின்னழுத்தம் 400 வோல்ட் என்பதால், 4 மில்லிஆம்பியருக்கு மேல் செல்ல வழியே இல்லை. ஆனால் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் நாங்கள் நிர்ணயித்த 20 மில்லிஆம்பியரே பதிவாகியிருக்கிறது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை. அளந்த மின்னழுத்தத்தைச் செல்லாத மின்னோட்டத்தைக் கொண்டு வகுத்ததால் மின்தடை எண் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. முனைகளில் உப்புநீர் ஊற்றி, ஈர ஸ்பாஞ்ச் சுற்றி மறுபடி அளந்தபோது அதே இடம் 10,000 ஓம்-மீட்டர் காட்டியது. மின்னோட்டம் செலுத்தும் முனைகளையும் மின்னழுத்தம் அளக்கும் முனைகளையும் இடம் மாற்றினாலும் ஒரே விடை வரவேண்டும். முதல் பதிவில் அதுவும் பொருந்தவில்லை.

இதைத் தெரிவித்தபோது, உறைநிலத்தில் முனைகளுக்கும் மண்ணுக்கும் நல்ல தொடர்பு கிடைப்பது கடினம் என்று தங்கள் சேவைப் பிரிவு பதில் எழுதியது. அதை அறிந்துதான் களத்துக்கு உப்புநீர் கொண்டு சென்றோம். 1896இல் இங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்ட பின் வந்தவர்கள் தீ மூட்டி இந்த மண்ணை உருக்கித்தான் தோண்டினார்கள். அவர்களுக்கு உறைமண்ணைக் காட்டிய மண்வெட்டி ஒருநாளும் பொய் சொல்லியிராது.

எனவே, உண்மையில் செல்லும் மின்னோட்டத்தை அளந்து பதியும் மாற்றுக் கருவியை அடுத்த கோடைக்கு முன் அனுப்பிவைக்கவும், வீணான ஒன்பது நாள் களப்பணிச் செலவை ஈடுசெய்யவும், இதே கருவியை வாங்கிய மற்றவர்களுக்கும் இக்குறையைத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பதிவுக் கோப்புகளும் துளையின் ஒளிப்படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
களஆய்வுப் பொறுப்பாளர்