கழுத்தில் அடிபட்ட பிறகு வரும் தலைச்சுற்றல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கழுத்துவலி பற்றிய தங்கள் கட்டுரையில் தலையணை, செல்போன், உட்காரும் விதம் எல்லாம் இருந்தன. அடிபட்ட கழுத்தோடு வரும் தலைச்சுற்றலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பட்டு அனுபவித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சிக்னலில் நின்றிருந்த என் பைக்கைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. ஹெல்மெட்டால் தலை தப்பியது. கழுத்துதான் வெடுக்கென்று பின்னால் போய் முன்னால் வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகவே இருந்தது. நான்காம் நாள் காலை படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன், அறையே சுழன்றது. அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. பித்தம் என்றார்கள் வீட்டில். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஒன்றரை மாதம் விழுங்கினேன். தினமும் காலையில் அதே சுழற்சி.

அப்புறம் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், முதலில் கழுத்தை நன்றாகச் சோதித்தார். பிறகு தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்களைப் பார்த்தார். கருவிழிகள் துடித்தன. உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் அதிர்ச்சியில் நழுவி, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டன என்றார். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது தடவை செய்ததும் சுழற்சி போயிற்று.

ஆனால் நடக்கும்போது ஒரு தள்ளாட்டம் மிச்சமிருந்தது. மேல்கழுத்தின் தசைகளும் மூட்டுகளும் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அடிபட்ட கழுத்து சொல்வது ஒன்று, கண்ணும் காதும் சொல்வது வேறொன்று. பிசியோதெரபியில் அது மெல்ல மெல்லக் குறைந்தது.

இடையில் நண்பர் ஒருவர், "சலூனில் ஒரு நெட்டி முறித்தால் சரியாகிவிடும்" என்றார். நல்லவேளை, போகவில்லை. கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. அடியிலோ முரட்டுத் திருப்பலிலோ அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், நிற்க முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாத்திரை எழுதும் முன், தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண்களைப் பார்க்கும் அந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள், அல்லது செய்யத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். அதற்கு ஸ்கேன் மெஷின் எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி