சவுக்கந்தோப்பில் லேஞ்சி போடாதீர்கள்

பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வடமராட்சிக் கரையில், றோட்டில் நின்று பார்த்தால் தெரியாத அந்தச் சவுக்கந்தோப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். இடத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். எழுதினால் வாற வெள்ளிக்கிழமை எனக்கே இடம் கிடைக்காது.

அங்கே ஏழெட்டுக் கூடாரம் அடிக்கலாம், அவ்வளவுதான். படலை இல்லை, கட்டணம் இல்லை, முந்தி வந்தவர் நல்ல நிழலைப் பிடிப்பார். அதை இலக்கம் போட்டுப் பிரித்து, ஃபோனில் முற்பதிவு வைக்கப் போவதாக இப்போது கதை அடிபடுகிறது. வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கதை எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கு விளங்கும். போன சித்திரை லீவுக்கு இரண்டு பிள்ளைகளோடும் போயிருந்தேன். பின்னேரம் நாலு மணி. நாலு கூடாரம் சிப் பூட்டியபடி நிற்கிறது, ஒரு குருவி இல்லை. காலையில் ஒரு பெடியன் மோட்டார்சைக்கிளில் வந்து அடித்துவிட்டுப் போனானாம். மினி பஸ் ஜன்னலுக்குள்ளால் லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, எறிந்து சீற் பிடிக்கிற அதே வேலை! நாங்கள் மரமில்லாத மேட்டில் அடித்தோம். இரவு காற்று எழும்பி மூலையில் இருந்த முளை பிடுங்கிக்கொண்டு போனது. சின்னவள் எழும்பியிருந்து அழுதாள். மணலில் இரும்பு முளை நிற்காது என்பது பிறகுதான் புத்திக்கு எட்டியது. பனைமட்டைத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குறுக்கே புதைத்து மிதித்துவிட வேண்டும். அசையாது. அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் அந்த நாலில் இரண்டுக்கு ஆளே வரவில்லை.

கோபம் வராமல் இருக்குமா? ஆனால் முற்பதிவு இதற்கு மருந்தல்ல, அதுவே பெரியதொரு லேஞ்சி. கொழும்பிலும் கனடாவிலும் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு முன்னமே பதிந்து வைப்பார்கள், வராமலும் விடுவார்கள். இங்கே கடையில் நிற்கிறவனும் மேசன் வேலை செய்கிறவனும் வெள்ளிக்கிழமை சம்பளம் கையில் வந்த பிறகுதான் போவதா விடுவதா என்று யோசிப்பார்கள். காற்றைப் பார்த்துத்தான் புறப்படவும் வேண்டும். மாரி ஓய்ந்து தை பிறந்தால் சித்திரை வரைக்கும் நல்ல காலம், ஐப்பசி கார்த்திகையில் அங்கே படுக்க நாய்கூடப் போகாது. சுண்டிக்குளம் வேறு விஷயம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகி 2015 இல் தேசிய பூங்காவான இடம், அங்கே அனுமதி கேட்பது நியாயம். எங்கள் தோப்பு அப்படியல்ல.

ஆகவே ஒரே ஒரு பலகை போதும்: ‘ஆள் இல்லாத கூடாரத்துக்கு இடம் இல்லை.’ இருட்டுவதற்குள் ஆள் வராவிட்டால் கழற்றி ஓரமாக வைக்கலாம் என்று கீழே எழுதிவிடுங்கள். மிச்சத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

காசு இருந்தால் பூவலை, அதுதான் மணலில் தோண்டிய அந்தச் சின்னக் கிணற்றை, கவனியுங்கள். ஐந்தடி தோண்டினால் நல்ல தண்ணி வருகிறது; அது உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிசாக மிதக்கிற மழைத்தண்ணி. மோட்டர் போட்டு இறைத்தால் உவராகிவிடும். வாளியும் கயிறும் ஒரு மூடியும் போதும். கக்கூஸ் கட்டுவதென்றால் பூவலுக்கு 30 மீற்றராவது தள்ளிக் கட்டுங்கள், மணல் எதையும் மறித்து வைக்காது. கொங்கிறீற் குடில் மட்டும் வேண்டாம். மணற்காட்டில் பழைய தேவாலயத்தையே மணல் மூடியிருக்கிறது, உங்கள் குடில் எம்மாத்திரம்.

இதை வாசிக்கிற கூடாரக்காரருக்கும் ஒரு சொல். நெருப்பை மணல் போட்டு மூடாதீர்கள். மேலே குளிர்ந்து தெரியும், உள்ளே தணல் விடியும் வரை கிடக்கும். என் மூத்தவனின் உள்ளங்காலில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். தண்ணி ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பாருங்கள். சவுக்கஞ் சருகு மெத்தை மாதிரிக் கிடக்கிற இடத்தில் அடுப்பே மூட்டாதீர்கள்.

பிறகு, முந்தி வந்தவருக்கு முதலிடம் என்கிறோமே, அங்கே உண்மையாக முந்தி வந்தவர்கள் கரைவலைக்காரர். விடிய நாலரைக்கு அவர்கள் கயிறு இழுக்கிற பாதையில் யாருடைய கூடாரமும் நிற்கக்கூடாது. போன முறை ஒன்று நின்றது. அவர்களுடைய மீன்வாடிக் கொட்டிலில் இருந்த ஐயா ஏசவில்லை. ‘தம்பி, கொஞ்சம் எழும்புங்கோ’ என்று மூன்று தரம் கூப்பிட்டார். உள்ளே குறட்டை. கடைசியில் நாலு பேராகக் கூடாரத்தை ஆளோடு தூக்கி அங்கால் வைத்துவிட்டு வலையை இழுத்தார்கள்.

தவிசாளர் ஐயா, முடிவெடுக்க முன்னம் ஒரு இரவு நீங்களும் வந்து படுத்துப் பாருங்கள். பனைமட்டை நான் கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் வந்துவிடுங்கள், பிந்தினால் அந்த மொட்டை மேடுதான் மிஞ்சும்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளோடு வருகிற தகப்பன்