திமிங்கலத்தின் மழலை

ஐயா,

நம் நாளிதழ்களில் ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பற்றிப் படிப்பதெல்லாம் பெரும்பாலும் அம்பர்கிரிஸ் (திமிங்கல எச்சம்) கடத்தல் செய்திகளில்தான். அது பேசும் விதத்தையும் எழுதுங்கள். கரீபியன் தீவான டொமினிக்கா அருகே வாழும் திமிங்கலங்கள் 'டக்... டக்... டக்டக்டக்' என்று ஒலி எழுப்புகின்றன. முதல் இரண்டும் நிதானம், அடுத்த மூன்றும் வேகம். நம் வட்டார வழக்கு மாதிரி, அது அந்தக் கூட்டத்துக்கே உரிய அடையாளம். குட்டிகள் மழலையில் தொடங்கி, அதைத் திருத்தமாகச் சொல்ல இரண்டு வருடமாவது ஆகுமாம். என் பேத்தி இப்போதுதான் பேசப் பழகுகிறாள், படித்ததும் நெகிழ்ந்துவிட்டேன்.

2023இல் டொமினிக்கா சுமார் 800 சதுர கி.மீ. கடலை இவற்றுக்கென ஒதுக்குவதாக அறிவித்தது. திருகோணமலைக் கடலிலும் இதே இனம் உண்டு. கப்பல் இரைச்சல் அவற்றின் பேச்சை அமுக்கிவிடாமல் அங்கும் அப்படியொரு காப்பகம் வேண்டும்.

– ஒரு வாசகி, தூத்துக்குடி