ஞாயிற்றுக்கிழமைக்குக் கால அட்டவணை வகுப்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சென்னையின் மின்சார ரயிலுக்கும் மாநகரப் பஸ்ஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை வகுக்கிறவர்கள் யாரோ, அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். உங்கள் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. அலுவலகம் விடுமுறை, பள்ளி விடுமுறை, கோர்ட் விடுமுறை. கூட்டம் இருக்காது, வண்டிகளைக் குறைத்துக்கொள்ளலாம். கடற்கரை நிலையத்துப் பக்கம் நின்று பார்த்தால் இது சரிதான். மாம்பலத்தில் நின்று பார்த்தால் தலைகீழ். மற்ற நிலையங்கள் காற்று வாங்கும் நாளில்தான் அங்கே கால் வைக்க இடமிருக்காது.

நானும் என் தோழிகளும் தாம்பரத்தில் ‘மெப்ஸ்’ என்று எல்லோரும் சொல்லும் ஏற்றுமதி மண்டலத்தில் தையல் வேலை பார்க்கிறவர்கள். திங்கள் முதல் சனி வரை மெஷின். வாரத்தில் எங்கள் கைக்கு வருவது ஒரே ஒரு நாள். அந்த நாளுக்குத்தான் நீங்கள் ‘கூட்டமில்லாத நாள்’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

வெளிநாட்டுக்குப் போகிற சட்டைக்குக் காலர் வைக்கிறவள் தன் பிள்ளைக்குச் சட்டை எடுக்க மாம்பலம் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெருவுக்குத்தான் போகிறாள். தனியாகப் போக மாட்டாள். ஒருத்தி பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருத்தி பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருத்தி விலை பேச வேண்டும். எங்களில் விலை பேசுகிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நைட்டியைக் கையில் எடுத்ததும் பூவையும் நிறத்தையும் பார்க்க மாட்டாள்; உள்பக்கத்தைத் திருப்புவாள். பக்கத் தையலில் எத்தனை துணி விட்டிருக்கிறான், ஓவர்லாக் பிரிகிறதா, அக்குளில் இரட்டைத் தையல் ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். கடைப் பையன் முகம் மாறிவிடும். பிறகு அவள் கேட்கிற விலைக்கு இறங்கி வருவான். மூன்று பேரும் சேர்ந்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்குவான். ஆட்டோவில் போய் வந்தால் இப்படி மிச்சம் பிடித்த காசெல்லாம் மீட்டருக்கே சரியாகிவிடும். ரயிலில் பத்து ரூபாய்க்குள் மாம்பலம் போய்விடலாம்.

இந்தக் கடைவீதியை வளர்த்ததே அந்த ரயில்தான் என்பேன். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கியது 1920-களில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஊரும் ரயிலும் சேர்ந்தே வளர்ந்தன. இன்று கோடிகளைப் புரட்டும் அந்தக் கடைகளுக்கு ஆள் கொண்டுவந்து இறக்குவது பெரும்பாலும் நீங்கள் விடுகிற வண்டிகள்தான். கார் நிறுத்த அங்கே இடம் ஏது?

செய்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று கோட்டையில் இருப்பவர்களைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். 2023 மே மாதம் மாம்பலம் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாலம் திறந்தார்கள். பிள்ளையோடும் வயதான அம்மாவோடும் வருகிறவர்கள் நெரிசலில் சிக்காமல் மேலேயே நடந்துவிடலாம். (நாங்கள் அதில் ஏறுவது திரும்பும்போதுதான். போகும்போது கீழே தெருவில் நடந்தால்தானே கடை பார்க்க முடியும்!) 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது; பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் செல்போனிலேயே ஒரே டிக்கெட். எல்லாம் சரி. டிக்கெட் ஒன்றானால் போதுமா, வண்டி வர வேண்டாமா?

அதே 2025-இல், ஏப்ரல் மாதம், கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் முதல் குளிர்சாதன மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அறிவிப்பில் என்ன இருந்தது? ஞாயிறு தவிர மற்ற நாட்களில் ஓடும் என்று இருந்தது. புதிதாக எது வந்தாலும் முதலில் கழித்துவிடும் நாள் எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பராமரிப்புக்கும் அதே நாள்தான். 2024-இன் தொடக்க மாதங்களில் கோடம்பாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஞாயிறு பகலில் ரயில்களை ரத்து செய்தீர்கள். தண்டவாள வேலையை எங்கள் வசதிக்காக நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் உயிரும் அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. ஆனால் அந்த வேலை கடை திறந்து வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்திலா நடக்க வேண்டும்? விடிவதற்கு முன்பே தொடங்கிக் காலை பத்து மணிக்குள் முடிக்கக்கூடியதை அப்படி முடித்துவிடலாமே.

திரும்பும் நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் மாம்பலம் நடைமேடையில் எங்களைப் போன்றவர்கள் கட்டைப்பையோடு நிற்போம். கைப்பிடி உள்ளங்கையில் பதிந்து சிவந்திருக்கும். கீழே வைத்தால் மிதித்துவிடுவார்கள் என்று முழங்காலுக்கு இடையே இடுக்கிக்கொள்வோம். எங்களுக்காவது இது ஒருநாள் கூத்து. எங்கள் பக்கத்தில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். நாள் முழுவதும் எங்களுக்குப் புடவை பிரித்துக் காட்டி, மடித்து வைத்து, மறுபடி பிரித்துக் காட்டியவர்கள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஞாயிறுதான் இடுப்பொடிகிற நாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தையே திருத்தியது. அந்தப் பெண் மகளிர் பெட்டியில் ஏறுகிறாள். குறைத்துவிட்ட வண்டியில் இருக்கை ஏது? கதவோரம் தரையில் குந்திக்கொண்டு வருகிறாள். அவளிடம் நாங்கள் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ‘வேறு நிறம் காட்டும்மா’ என்று கேட்டிருப்போம்.

அதற்காக ஆண்டு முழுவதும் எல்லா ஞாயிறும் வார நாள்போல் ஓட்டச் சொல்லவில்லை. ஆடித் தள்ளுபடி நடக்கும் வாரங்கள், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள், கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை: இந்த ஞாயிறுகளுக்குச் சனிக்கிழமை அட்டவணையையே ஓட்டுங்கள். மற்ற ஞாயிறுகளில் குறைக்க வேண்டியதைக் காலையில் குறைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கை வைக்காதீர்கள். தி.நகர் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் சாதாரணக் கட்டணப் பஸ்களுக்கும் இதே நியாயம்தான். கட்டணம் இல்லை என்பது பஸ் வந்து நின்றால்தானே எங்களுக்குப் பயன்படும்.

ரத்து செய்துதான் ஆக வேண்டும் என்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை இரவு செல்போனில் சுற்றுகிற செய்தி எல்லோருக்கும் வந்து சேர்வதில்லை. எங்கள் சானடோரியம் நிலையத்தில் டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்திலேயே, எந்தெந்த நேரத்து வண்டி இல்லை, அதற்குப் பதில் எந்த பஸ் எங்கிருந்து கிளம்பும் என்று தமிழில், தூரத்திலிருந்தே படிக்கிற அளவில் எழுதி ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
மெப்ஸ் தையல் பிரிவிலிருந்து ஒரு ஞாயிறு பயணி,
தாம்பரம் சானடோரியம்