தோட்ட வீடமைப்பு நலன்புரிச் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத்து அக்காமாருக்கும், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் எட்டு நடந்தன. இரண்டு மழையால் நின்றன. அறிக்கையில் சொல்லும்படியான வேலை ஒன்றுதான்: இடித்ததைக் கொட்டாமல், அதைக் கொண்டே கட்டப் பார்த்தோம்.

மேல் டிவிசனில் ஆட்கள் 7 பேர்ச் காணியில் புது வீடு கட்டிப் போனபின் வெறுமனே கிடந்த லயத்தை, அந்தப் பழைய வரிசை வீடுகளை, இடிக்க நிர்வாகம் சம்மதித்தது. முன்பு ஒரு லயத்தை இடித்த கொந்தராத்துக்காரர் மெஷினால் ஒரே நாளில் தள்ளிவிட்டு, கல்லும் மண்ணும் கம்பியுமாகத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குள் வந்தது. அதனால் இந்த முறை மெஷின் இல்லை, அலவாங்கும் சுத்தியலும்தான். கூரையில் தொடங்கி, கட்டிய வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றினோம். ஒன்பது நாள் பிடித்தது.

வெள்ளைக்காரன் காலத்துச் சுவரில் சுண்ணாம்புச் சாந்து. அது செங்கல்லைவிட மென்மையானது; நாலு தட்டுத் தட்டினால் உதிர்ந்து கல் முழுசாகக் கைக்கு வரும். பிற்காலத்தில் சீமெந்து வைத்துக் கட்டிச் சேர்த்த குசினிப் பக்கம்தான் எங்களை வதைத்தது. அங்கே சாந்து விடுவதற்குள் கல் உடைந்துவிடும். வேலையை விட்டு ஓய்ந்த நம் மேசன் தாத்தா இரண்டு செங்கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். ‘டங்’ என்றால் நல்ல கல், இந்தப் பக்கம்; ‘டப்’ என்றால் ஆகாத கல், அந்தப் பக்கம். மூன்றாம் நாள் பிள்ளைகளும் தட்டத் தொடங்கிவிட்டார்கள். தாத்தாவுக்குக் கொஞ்சம் கோபம். பழைய கல்லை நன்றாக ஊறவைத்துத்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

உடைந்த கொங்கிரீட்டைச் சல்லியாக உடைத்தோம். தரைக்கு அடியிலும் நடைபாதையிலும் போட்டோம். தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் வடியவும் நிரப்பினோம். தூணுக்கும் பீமுக்கும் போட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றேன், சிலருக்கு மனஸ்தாபம். ஆற்று மணல் இந்த மலை ஏறி வரும்போது லொறிக் கூலி மணல் விலையோடு போட்டி போடுகிறது. சல்லிக்கல் மிச்சமானால் கையிலுள்ள சல்லியும் (காசும்) மிச்சம்தானே! 2004 சுனாமிக்குப் பிறகு காலியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு இடிபாட்டை அரைக்க ஒரு நிலையமே அமைத்தார்கள். மலையகத்துக்கு அப்படி ஒன்று வந்தால் நல்லது. வரும்வரை சுத்தியல்தான்.

அஸ்பெஸ்டஸ் சீட்டுகள்தான் தலைவலி. நீல அஸ்பெஸ்டஸை இலங்கையில் 1987இலேயே தடை செய்துவிட்டார்கள். வெள்ளை இன்னும் கடையில் கிடைக்கிறது. உடைத்தால் பறக்கும் தூசு நெஞ்சுக்குள் போய்த் தங்கும். அதனால் நனைத்து, முழுசாக இறக்கி, படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம். எங்கே கொண்டுபோய் ஒப்படைப்பது என்று கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. கோழிக்கூட்டுக்கு ஒன்று தாருங்கள் என்று கேட்டு இனி யாரும் என் வீட்டுக்கு வர வேண்டாம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வேலை நின்றது. மண்சரிவில் போன வீடுகளின் கல்லையும் சேர்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் பார்த்துச் சொல்லும்வரை அங்கே கால் வைக்கக் கூடாது. அப்புறம், அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் தங்கள் சாமான்களைத் தேடி முடிக்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இரவல் போன இரண்டு அலவாங்கு இன்னும் திரும்பவில்லை. யார் வீட்டில் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லாமல் விடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொட்டிலில் இருக்க வேண்டும்.

செயலாளர்