விடுமுறை நாளில் கடற்கரைச் சாலைக் கழிப்பிடத்தைத் திறந்து வைக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்:
முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஒரு தாய்
(பெயரும் முழு முகவரியும் முந்தைய இரண்டு மனுக்களிலும் உள்ளன)

பெறுநர்:
உயர்திரு பொறுப்பு அதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: கடற்கரைச் சாலைப் பொதுக் கழிப்பிடம் அரசு விடுமுறை நாட்களில் பூட்டிக் கிடப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை மே மாதம் தபாலில் அனுப்பினேன். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாளான ஆகஸ்ட் 16 விடுமுறை முடிந்ததும் நேரில் வந்து கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிச் சென்றேன். இரண்டுக்கும் பதில் இல்லை. சென்ற நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாளன்று நடந்ததைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன்.

1. நான் தையல் வேலை செய்கிறேன். மகளுக்கு நாலு வயது. நவம்பர் 1 நமக்கு விடுமுறை, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனால் வேலை நாள். என் வீட்டுக்காரர் கடலூரில் வேலை பார்ப்பதால் அவரால் வர முடியவில்லை. நானும் குழந்தையும் மட்டும் போனோம்.

2. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்து, "இது ஏம்மா இப்ப எரியல?" என்றாள். துறைமுகம்னு சொன்னியே, கப்பல் எங்கே என்றாள். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது கண்ணு, ஆழத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும், சலங்குப் படகில் போய்த்தான் சரக்கை இறக்கிக்கொண்டு வருவார்கள், கடலுக்குள் பாலம் கட்டினதெல்லாம் பிறகுதான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1962-இல் கட்டிய பாலம் 2022-இல் இடிந்ததில் மிச்சம் நிற்பதைத் தூரத்திலிருந்து காட்டினேன். அதிகம் படிக்காதவள் நான். என் ஊரை என் பிள்ளைக்கு நானே சொல்லிக் கொடுத்தது அன்றுதான்.

3. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூணும் செஞ்சியிலிருந்து வந்தது, எண்ணு பார்க்கலாம் என்றேன். ஆறு வரைக்கும் எண்ணினாள். ஆறாவது தூணில் கையை வைத்துக்கொண்டு காலைப் பின்னி நின்றுவிட்டாள். "அம்மா, ஒண்ணுக்கு வருது." தூக்கிக்கொண்டு கழிப்பிடத்துக்கு ஓடினேன். எந்தக் கழிப்பிடம் என்று தங்களுக்கே தெரியும். பூட்டு. அதுவும் மழைக்குப் பாலிதீன் பை சுற்றி, நூல் போட்டுக் கட்டிய பூட்டு. அவசரத்துக்கு அழைக்கவும் என்று சுவரில் ஒரு எண் எழுதியிருக்கிறது, கடைசி இரண்டு இலக்கமும் அழிந்துவிட்டது. யாரை அழைப்பது ஐயா? எதிரே ஒரு ஓட்டலில் கேட்டேன், சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். சரி, ஒரு டீ சொல்கிறேன் என்று கெஞ்சினேன். அதற்குள் என் இடுப்பு நனைந்துவிட்டது. குழந்தை முகத்தை என் புடவைக்குள் புதைத்துக்கொண்டாள். அழக்கூட இல்லை. "யாரும் பாக்குறாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். நாலு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? சுண்டல் விற்கும் அம்மா ஒருவர்தான் தன் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து ஊற்றிக் கழுவிவிட்டார். அவரும் காலையிலிருந்து அதே பூட்டைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எங்கே போவார்?

4. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விடமாட்டார்கள். அது நல்ல ஏற்பாடு, குழந்தைகள் பயமில்லாமல் ஓடலாம், குறை சொல்லவில்லை. ஆனால் அவசரம் என்றால் ஓர் ஆட்டோவும் வராது. ஈரத் துணியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய வாய்க்கால் தாண்டி மிஷன் வீதி வரை நடந்தேன்.

5. கூட்டம் வருகிற நாளில் பூட்டிவிட்டு, யாரும் வராத நாளில் திறந்து வைத்தால் அது யாருக்காகக் கட்டினது? காலையில் அதே சாலையில் கொடியேற்றி விழா நடந்ததே, அன்றாவது ஒருவர் அந்தப் பூட்டைப் பார்க்கவில்லையா? ஆண்கள் எங்கேயாவது ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்ணும் பெண் குழந்தையும் என்ன செய்வது? என் மகள் இப்போது வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறாள். பாட்டிலை நீட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள்.

6. மே மாதத்தில் திறந்திருந்த நாளிலும் பெண்கள் பக்கம் தாழ்ப்பாள் இல்லை. என் துப்பட்டாவைக் கதவில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் மனுவில் எழுதியிருக்கிறேன்.

ஆகவே ஐயா, அரசு விடுமுறை நாட்களில் காலை 6 முதல் இரவு 10 மணி வரை அந்தக் கழிப்பிடத்தைத் திறந்து வைத்து, ஓர் ஆளும் போட்டு, தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, ஒரு வாளி, ஒரு மக் இருக்கும்படி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சுவரில் உள்ள எண்ணை முழுதாக எழுதி வையுங்கள். புதிதாகக் கட்டித் தரச் சொல்லவில்லை, கட்டியதைத் திறந்து விடுங்கள் என்றுதான் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். டிசம்பர் 25 வருகிறது, புத்தாண்டு வருகிறது, காணும் பொங்கல் வருகிறது. அதற்குள் திறந்து வையுங்கள் ஐயா. தயவு செய்து திறந்து வையுங்கள். அந்தத் தூண்களில் இன்னும் இரண்டை அவள் எண்ணவில்லை. கூட்டிப்போக வேண்டும்.

பூட்டின் படத்தையும் முந்தைய மனுக்களின் நகலையும் இத்துடன் வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
முத்தியால்பேட்டைத் தாய்