பட்ஜெட் நிறைவேறிய பிறகு பேசி என்ன பயன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி, மார்ச் வந்தால் உள்ளாட்சி மன்றங்களின் பட்ஜெட் செய்திகள் வரத் தொடங்கிவிடும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பற்றாக்குறை இவ்வளவு, சில உறுப்பினர்கள் வெளிநடப்பு என்று நாலைந்து வரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு எங்கள் கோட்டையூர்க் கடைத்தெருவில் அன்று முழுக்க விவாதம்தான். நம்ம தெருவுக்கு ஒன்றுமே ஒதுக்கவில்லை என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். சரி, ஒதுக்கச் சொல்லி டிசம்பரில் யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

2024-இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் உள்ளிட்ட ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. வரி ஏறுமே, நூறு நாள் வேலை போய்விடுமே என்று அப்போது நிறையப் பேசினோம். நியாயமான கவலைகள்தான். ஆனால் ஊராட்சியாக இருந்தவர்களிடமிருந்து இன்னொன்றும் போனது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. கிராம சபையைத்தான் சொல்கிறேன்.

1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது கிராம சபையின் வேலை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், சபையில் எழுந்து பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூட வேண்டும். பல ஊர்களில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள் என்பது தெரியாமல் இதை எழுதவில்லை. ஆனாலும் அங்கே கேட்பதற்கு ஓர் உரிமை இருந்தது, கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

மாநகராட்சியில் அப்படி இல்லை. ஆணையரும் அலுவலர்களும் பட்ஜெட்டைத் தயாரிப்பார்கள், மன்றம் நிறைவேற்றும். நாம் கூட்டத்துக்குப் போனாலும் பார்வையாளர்தான், வாய் திறக்க முடியாது. கிராம சபைக்கு ஈடாக நகரத்தில் இருப்பது பகுதி சபா. 2022-இல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று மாநிலம் முழுவதும் பகுதி சபாக்கள் கூடின. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரையும் உறுப்பினராக வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடத்த வேண்டும். எந்த வேலை முதலில் நடக்க வேண்டும் என்று அதில் மக்கள் சொல்லலாம். உங்கள் பகுதி சபா எங்கே கூடுகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாநகராட்சியிடம் என் கோரிக்கை இரண்டுதான். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, பட்ஜெட் எழுதி முடிப்பதற்கு முன்னால், எல்லா வார்டிலும் பகுதி சபாவைக் கூட்டுங்கள். வரைவு பட்ஜெட்டை மன்றக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகத் தமிழில் வெளியிடுங்கள். மண்டல அலுவலகச் சுவரில் ஒட்டினாலும் போதும்.

அந்த பட்ஜெட் புத்தகம் கைக்குக் கிடைத்தால் முன்னுரையில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு செலவு இனத்துக்கும் எதிரே போன ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று தனித்தனிப் பத்தி இருக்கும். விஷயம் அங்கேதான். வடிகால் பராமரிப்புக்குப் பெரிய தொகை போட்டு, திருத்திய மதிப்பீட்டில் அதைப் பாதியாக்கி, அடுத்த ஆண்டு மறுபடி அதே பெரிய தொகையை எழுதியிருந்தால் அந்த வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். ஏன் நடக்கவில்லை என்று கவுன்சிலரிடம் கேட்க வேறு ஆதாரம் தேவையில்லை. நகராட்சிக் கணக்கில் வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று உண்டு. குடிநீர் பற்றிய கேள்விக்கு இரண்டாவதைப் புரட்ட வேண்டும். இது தெரியாமல் பலர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஒன்றுமே இல்லை என்று சண்டை போடுவதைக் கேட்டிருக்கிறேன்.

புத்தகம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி பட்ஜெட் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்பதையும் மனுவில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். மனு கொடுக்கும்போது ‘எங்கள் பகுதிக்கு வசதி செய்து தரவும்’ என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. எந்தத் தெரு, எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, வாய்க்காலா, விளக்கா, ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக் கால்வாயைத் தூர்வாருவதா என்று எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் கணக்குக் கேட்கத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கோயில் திருவிழா முடிந்து நகரத்தார் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது, குடும்பக் கணக்கில் கட்டும் புள்ளி வரி யார் பாக்கி, பந்தலுக்கு ஏன் இவ்வளவு என்று பைசா பைசாவாகக் கேட்பவர்கள்தான் நாம். அப்படிக் கேட்கிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை சொத்து வரி கட்டிவிட்டு அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்பதில்லை. 2022-இல் வரியை உயர்த்தியபோது இங்கெல்லாம் 1800 சதுர அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு 100 சதவீத உயர்வு. முற்றம் வைத்துக் கட்டிய செட்டிநாட்டு வளவு வீடு எது 1800 சதுர அடிக்குள் அடங்கும்? பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் சபையில் உட்கார முடியாது. ஆனால் வரி செலுத்துபவராக ஆணையருக்குக் கடிதம் எழுத யாரும் தடை சொல்லப் போவதில்லை. ஊருக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும், நீர்நிலைப் பணி என்றால் பாதி கட்ட வேண்டும். அந்த வேலையும் பட்ஜெட் ஆண்டுக் கணக்குக்குள் வர வேண்டும் என்பதால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே பேசி முடிப்பது நல்லது.

ஆத்தங்குடி போல இன்னும் ஊராட்சியாக இருக்கும் ஊர்க்காரர்களின் நிலை வேறு. 2025 ஜனவரி 5-உடன் நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபை கூடத்தான் வேண்டும், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு (குறைவெண் வரம்பு) ஆள் வரத்தான் வேண்டும். தட்டிக் கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் அது இரட்டிப்பு அவசியம்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்ஜெட் நிறைவேறிய மறுநாள் செய்தி போடுவது போல, பகுதி சபா எந்த வார்டில் எந்தத் தேதியில் எங்கே கூடுகிறது என்பதை ஜனவரியில் சிவகங்கை மாவட்டப் பக்கத்தில் வெளியிடுங்கள். அந்தத் தேதியை வாங்கித் தர மாநகராட்சி அலுவலகத்துக்கு நடக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோட்டையூர்.